மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்

ஜூன் 4, ஞாயிறு

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். நில அளவைத் துறையில் அடுத்தவர் வயல், அடுத்தவர் வரப்பு என்று எழுதியே கை தேய்ந்துவிட்டது. என் சொந்த வரப்பை எழுத நேரம் வரும் என்று நினைக்கவில்லை. ஏப்ரலில் நெஞ்சைப் பிளந்து தைத்து அனுப்பினார்கள். மருத்துவ விடுப்பு. காலையில் கஞ்சி, மாத்திரை, வாசல் வரை நடை, மறுபடி மாத்திரை.

"மனச எதுலயாவது போடுங்க சார். சும்மா படுத்துக் கெடந்தா நாடியப் பிடிச்சுப் பாத்துக்கிட்டே இருப்பீங்க" என்று டாக்டர் சொன்னார். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மகள் தென்றல் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். உள்ளே காசுகளைச் செருகி வைக்கும் ஆல்பம், ஒரு லென்ஸ், இந்த நோட்டு. "அப்பா, காசு சேருங்க. ஒக்காந்த எடத்துலயே செய்யலாம். தூக்க வேண்டாம், ஓட வேண்டாம்" என்று ஃபோனில் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற பொற்கொடி, "காசு சேருங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் சொல்றேன். மக சொன்னாத்தான் காதுல ஏறுது" என்றாள். துறையூர் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். என் மனைவி சிரித்து வெகுநாள் ஆகிவிட்டது.

ஜூன் 7, புதன்

வீட்டில் இருந்த சில்லறையை எல்லாம் கூடத்தில் கொட்டினேன். அஞ்சறைப்பெட்டியின் அடியில், ஸ்கூட்டர் பெட்டியில், தென்றலின் பழைய உண்டியலில், பொற்கொடியின் கைப்பைகளில். அவளுக்கு எத்தனை கைப்பை என்பது இன்றுதான் தெரிந்தது.

இத்தனை வயதில் ஒரு ரூபாயைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. ஆண்டுக்குக் கீழே ஒரு சின்னக் குறி இருக்கிறது. புள்ளி இருந்தால் நொய்டா, வைரம் போல இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா. எந்த ஊர் அச்சுச்சாலையில் அடித்தது என்று காசே சொல்கிறது. வயலில் அளவைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்ததும் வருமே ஒரு சந்தோஷம், அது வந்தது.

மதிய மாத்திரையை மறந்துவிட்டேன். திட்டு.

ஜூன் 11, ஞாயிறு

மாமனார் வீட்டிலிருந்து மூன்று செப்புக் காலணா வந்தது. கருகிப் போய் முகமே தெரியவில்லை. புளியும் பாத்திரப் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்தேன். தீபாவளிக் குத்துவிளக்கு தோற்றுப்போகும் பளபளப்பு. படம் எடுத்து, தென்றல் சேர்த்துவிட்ட காசு சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் பெருமையாகப் போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஃபோன் செய்தார். காதர் மொய்தீன், திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் இரும்புக் கடை வைத்திருப்பவர். "சார், நூறு வருசத்து முகத்த ஒரே நிமிசத்துல செரச்சுட்டீங்களே. இனிமே எந்தக் காசையும் தேய்க்காதீங்க. அழுக்கும் அதோட வயசுதான்."

கையில் புளி ஒட்டியிருந்தது. கழுவிக்கொண்டு, "சரிங்க பாய்" என்றேன்.

ஜூன் 19, திங்கள்

திருச்சியில் பரிசோதனை. எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறதாம். வெளியே வரும்போது பொற்கொடி டாக்டரிடம், "இவரு மேடு ஏறலாங்களா சார்? சின்ன மேடுதான்" என்று கேட்டாள். "ஆடி மாசம் தாராளமா ஏறட்டும்மா" என்றார். எந்த மேடு, எதற்கு என்று கேட்டேன். "ஒரு பேச்சுக்குக் கேட்டேன்" என்று பேருந்து பக்கம் திரும்பிவிட்டாள்.

வரும் வழியில் பாய் கடைக்குப் போனோம். ஆணி மூட்டைகளுக்கு நடுவே இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார் தன் காசுகளை. "மொதல்ல ஒண்ண மட்டும் எடுத்துக்குங்க. ஒரு ரூபா. ஆண்டு வாரியா, குறி வாரியா ஒரு பக்கம் முழுசா நெரப்புங்க. எல்லாத்துக்கும் ஆசைப்பட்டா ஒண்ணும் நெறையாது" என்றார். பொற்கொடிக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவள் டீயைக் குடிக்காமல் ஆற வைத்துக்கொண்டே இருந்தாள். களைப்பு என்றாள்.

ஜூலை 1, சனி

பாய் சொன்னபடி தொண்ணூறுகளின் எஃகு ஒரு ரூபாய்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். மளிகைக் கடை, டீக்கடை, பூக்காரம்மா, மினி பஸ் நடத்துநர் என்று ஒருவரையும் விடவில்லை. "சார் வர்றார், சில்லறைய மறைச்சு வை" என்று டீக்கடையில் கேலி. கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பத்து ரூபாய் கொடுத்துச் சில்லறை கேட்டேன். "எந்தக் கலெக்டரும் எங்ககிட்ட கணக்குக் கேட்டதில்ல" என்றார் ஒருவர்.

பக்கம் நிறைந்துவிட்டது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. 1996, நட்சத்திரம். வைரம் மட்டும் மூன்று இருக்கிறது.

ஜூலை 5, புதன்

நட்சத்திரம் இல்லை.

ஜூலை 9, ஞாயிறு

இன்றும் இல்லை. பாயிடம் கேட்டேன். "குடுத்துருவேன் சார். ஆனா நீங்களே தேடி எடுத்தா அந்த ருசியே வேற" என்றார். அந்த ருசி நாசமாய்ப் போகட்டும். அவர் கொடுத்திருக்கலாம்.

பொற்கொடி பல்வலி என்று தனியாகத் திருச்சிக்குப் போய் வந்தாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "உங்க காசப் பாருங்க" என்றாள். நானும் பார்த்தேன். பக்கத்தைத் திறந்தால் கண் நேராக அந்த ஓட்டைக்குத்தான் போகிறது.

ஜூலை 13, வியாழன்

பக்கம் நிறைந்துவிட்டது. மதியம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 14, வெள்ளி

நேற்று எழுதியதில் பொய் இல்லை. ஆனால் நட்சத்திரம் எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. இது என் நோட்டு. இதில் யாரிடம் மறைக்கிறேன்?

ஆடி பிறக்கப் போகிறது என்று பொற்கொடி சாமி அலமாரியைக் காலி செய்தாள். படங்களை இறக்கிக் கூடத்தில் அடுக்கிவிட்டு, கற்பூரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். "பூனை வராமப் பாத்துக்குங்க" என்று என்னைக் காவலுக்கு வைத்தாள். சரியான ஆளைத்தான் வைத்தாள்.

செல்லாண்டியம்மன் படத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். தேறியதும் கோயிலுக்குப் போய் உண்டியலில் போடுவார்கள். அப்பா பகுத்தறிவுக்காரர், எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் இடம் தந்ததில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பொற்கொடி வந்த பிறகுதான் அலமாரியே வந்தது. தென்றலுக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்ததே, அப்போது முடிந்து மறந்துபோனதாக இருக்கும் என்று நினைத்தேன்.

விரலால் தடவியதும் ஒரு ரூபாய் என்று தெரிந்துவிட்டது. அந்த அளவு இப்போது என் விரலுக்குப் பாடம். ஒரே ஒரு பார்வை என்றுதான் அவிழ்த்தேன். 1996. லென்ஸ் கூடத் தேவைப்படவில்லை, நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நெஞ்சு அடித்த வேகத்துக்கு டாக்டர் பார்த்திருந்தால் மறுபடி படுக்க வைத்திருப்பார்.

என்னிடம் மூன்று வைரம் இருந்தது. அதில் ஒன்றை வைத்து முடிந்தேன். அதே ஆண்டு, அதே எடை, அதே சிங்கம். குறி மட்டும்தான் வேறு. ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். அம்மனுக்கு எந்த அச்சுச்சாலை என்றா கேட்கப் போகிறது?

இப்படி எழுதும்போது சரியாகத்தான் படுகிறது. அப்புறம் ஏன் பொற்கொடி உள்ளே வந்ததும் ஆல்பத்தை மூடினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, வியாழன்

பாய் வந்திருந்தார். திருச்சியில் ஒரு கல்லூரியில் காசுக் கண்காட்சி. புதிதாகச் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு மேசை. என் பக்கத்தையும் வைக்கப் போகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வரை ஆல்பம் அவர்களிடம் இருக்கும்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். "விளிம்புல மஞ்சளா இருக்கே. கோயில் காசா சார்? நேந்துக்கிட்டதா?"

"இல்ல பாய். அஞ்சறைப்பெட்டில கெடந்துச்சு."

"நல்லது. காசு சேக்குற எங்க ஆளுங்க தர்கா காசு, கோயில் காசு தொடமாட்டோம். வெல எவ்வளவு வந்தாலும் சரி, அது இன்னொருத்தரோட கண்ணீரு."

பொற்கொடி அப்போதுதான் காபியோடு வந்தாள். அஞ்சறைப்பெட்டி என்றதை அவள் கேட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. காபியில் சர்க்கரை அதிகம்.

ஜூலை 24, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் பொற்கொடி எதிரில் உட்கார்ந்தாள். "படபடப்பு ஆவாதீங்க. நிதானமாக் கேளுங்க" என்றாள். மாரில் ஒரு கட்டி. இரண்டு மாதமாக இருக்கிறது. பல்வலி என்று போனது அதற்குத்தான். படம் எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்ப வேண்டுமாம், அதற்குக் கூட ஒருவர் வர வேண்டும் என்பதால் சொல்கிறாளாம். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

"ரெண்டு மாசமா ஏண்டி சொல்லல?"

"தையலு ஆறட்டும்னு இருந்தேன். உங்களுக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா?"

நான் சில்லறைக்காகப் பூக்காரம்மாவின் கூடையைக் கிளறிக்கொண்டிருந்த நாளெல்லாம் இவள் இதைச் சுமந்துகொண்டு எனக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள்.

அதோடு விடவில்லை. "எல்லாம் என் தப்புங்க" என்றாள். அப்போதுதான் முடிச்சைப் பற்றிச் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரியில உங்க சட்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. வாட்ச்சு, மோதிரம், பஸ் டிக்கெட்டு, பையில ஒரே ஒரு ரூபா. நீங்க உள்ள இருக்கீங்க. எனக்கு வேற என்ன தெரியும்? அந்த ரூபாய முந்தானையில முடிஞ்சேன். 'தாயே, இது அவரு தொட்ட காசு. அவரு மேடேறி வந்து அவரு கையாலயே உனக்குப் போடுவாரு'ன்னேன். வீட்டுக்கு வந்து மஞ்சத் துணிக்கு மாத்துனேன். உங்ககிட்ட சொன்னா கேலி பண்ணுவீங்கன்னு சொல்லல. நீங்க நடமாடி எவ்வளவு நாளாச்சு, இன்னும் கொண்டு போய்ப் போடல. சாமி கடன வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அதான் என்னையப் பிடிச்சிருச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அது என் சட்டைப் பையில் இருந்த காசு. ஊரெல்லாம் தேடிய நட்சத்திரம் என் பையிலேயே இருந்திருக்கிறது. அவள் அழுதுகொண்டிருந்தபோது என் புத்தியில் முதலில் வந்தது இதுதான். அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. என்னைப் போல ஒரு ஜென்மம் இருக்குமா?

ஜூலை 25, செவ்வாய்

"வர்ற ஆடி வெள்ளிக்கே போயிருவோம்" என்கிறாள் பொற்கொடி. தா.பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கரட்டு மேட்டில் இருக்கிறது எங்கள் செல்லாண்டியம்மன். ஒரு மணி நேரப் பயணம்.

பாய்க்கு ஃபோன் செய்து ஆல்பத்தைக் கேட்டேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது, ஞாயிறு ஆகஸ்ட் ஆறாம் தேதிதான் திறப்பார்கள் என்றார். "அவசரமா சார்?" இல்லை என்றேன்.

பொற்கொடியிடம், டாக்டரிடம் ஃபோனில் பேசினேன், இன்னும் கொஞ்ச நாள் மேடு ஏற வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன்.

அவள் ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. "அப்ப வேணாம். உங்க உடம்புதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். என் பொய்யை நம்புவதற்கு அவளுக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. முகத்தில் அறைந்திருந்தால் தேவலாம்.

ஜூலை 27, வியாழன்

ஊசி போட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிவு வரப் பத்து நாளைக்கு மேல் ஆகுமாம்.

காய் வாங்கினேன். கேஸ் புக் செய்தேன். சாம்பார் நான் வைத்தேன், உப்பு போட மறந்துவிட்டேன்.

ஜூலை 28, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றும் சத்தம் மூன்று தெருவிலிருந்தும் கேட்கிறது. பொற்கொடி அலமாரி முன்னால் உட்கார்ந்து முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தாயே, அவரு ஒடம்பு எடங்குடுக்கல. கோவிச்சுக்காத. வந்துருவோம்" என்று எனக்காக மன்னிப்புக் கேட்டாள். எந்தக் காசை ஒற்றிக்கொள்கிறாள் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குச் சாமி இல்லை. அதனால் இது பாவம் இல்லை என்று சொல்லிக்கொண்டு இத்தனை நாள் ஓட்டினேன். ஆனால் நான் எடுத்தது சாமியிடமிருந்து இல்லையே.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கண்காட்சியில் என் பக்கத்தைப் படமெடுத்துப் பாய் அனுப்பியிருக்கிறார். மாணவிகள் குனிந்து பார்க்கிறார்கள். கீழே அட்டையில் என் பெயர்: தி. மதிவாணன், துறையூர்.

பொற்கொடியிடம் காட்டினேன். "நல்லாருக்குங்க. உங்களுக்கு இதாச்சும் கெடைச்சுதே" என்றாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

பொற்கொடி சரியாகத் தூங்குவதில்லை. மதியம் படுத்தவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து கேட்டாள், "ஏங்க, ஆனி மாசமே போயிருந்தா இது வந்திருக்காதில்ல?"

"பைத்தியமா நீ? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. அம்மன் உங்க உசுரக் குடுத்துச்சு, நான் பதிலுக்கு ஒரு ரூபா குடுக்கல."

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மோர் வேணுமா?" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆல்பம் வந்துவிட்டது. பாய் தன் பையனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பொற்கொடி குளிக்கப் போனதும் காசை உருவி எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். இரண்டு நிமிட வேலை. மாற்றி வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

முடிச்சு இல்லை.

பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். ஊசி போட்ட நாளிலிருந்து மடியிலேயே வைத்திருக்கிறாளாம். "கூடவே இருந்தா ஒரு தெம்பு" என்றாள். குளிக்கும்போது கதவில் மாட்டிக்கொள்கிறாள், படுக்கும்போது தலையணைக்குள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

முடிவு வந்தது. கெட்ட கட்டிதான். ஆரம்பம் என்கிறார் டாக்டர், எடுத்துவிடலாம், அப்புறம் மருந்து. பதினெட்டாம் தேதி அறுவை. தென்றல் விடுப்புப் போட்டு வருகிறாள்.

பேருந்தில் பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். பாதி வழி தாண்டியதும், "வர்ற வெள்ளி கடைசி ஆடி வெள்ளி. டாக்டர்கிட்ட கேக்காதீங்க. ஆட்டோ வச்சு அடிவாரம் வரைக்கும் போயிருவோம். மெதுவா ஏறலாம், நான் பிடிச்சுக்கறேன்" என்றாள்.

அவள் என்னைப் பிடித்துக்கொள்வாளாம். சரி என்றேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

தென்றல் வந்துவிட்டாள். வீட்டில் மறுபடி ஆள் சத்தம்.

நாளை எதையும் சொல்லாமல் இருந்துவிடலாம். வைரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் அவள் கண்ணுக்குத் தெரியாது. பூசாரிக்கும் தெரியாது. பொற்கொடி நிம்மதியாக அறுவைக்குப் போவாள். சொன்னால் அந்த நிம்மதியும் போய்விடும். நோயாளியிடம் போய் இதைச் சொல்வதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொன்னபோதும் இப்படித்தான் நன்றாக இருந்தது.

காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அடிவாரத்தில் கூட்டம். தென்றல் தேங்காய் பழம் வாங்கப் போனாள். புளியமரத்தடியில் நானும் பொற்கொடியும் மட்டும். மடியிலிருந்து முடிச்சை எடுத்து என் கையில் கொடுக்க வந்தாள்.

"பொற்கொடி, அது அந்தக் காசு இல்ல" என்றேன்.

விளங்கவில்லை அவளுக்கு. பையிலிருந்து காசை எடுத்துக் காட்டினேன். "இதுதான் அது. ஆல்பத்துக்காக எடுத்துட்டேன். வேற ஒண்ணு வச்சு முடிஞ்சேன். ஆண்டு கூட அதேதான். குறி மட்டும் வேற."

முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள், என் கையில் இருந்ததைப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு" என்றாள். துணியை மறுபடி முடிந்துகொண்டே, "எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி. நீ அலமாரி தொடைச்ச அன்னைக்கு. இன்னாருக்கு முடிஞ்சதுன்னு அப்பத் தெரியாது, சத்தியமா."

"நான் சொன்னனே. அதுக்கப்புறம் தெரியுமில்ல?"

"தெரியும்."

"டாக்டர் ஏற வேணாம்னாரே?"

"அவர்கிட்ட நான் பேசவே இல்ல. ஆல்பம் திருச்சில இருந்துச்சு."

கத்துவாள் என்று நினைத்தேன். தாலியைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். பொற்கொடி அதே குரலில்தான் பேசினாள்.

"காச எடுத்தது போவுது. உங்களுக்கு நம்பிக்கையில்ல, ஆசப்பட்டு எடுத்தீங்க. ஆனா நான் எந்நேரமும் என் தப்பு, என் தப்புன்னு கெடந்தேன். ஆனி மாசமே போயிருந்தா இது வந்திருக்காதேன்னு பொலம்பினேன். நீங்க பக்கத்துலதான படுத்திருந்தீங்க? ஒரு வார்த்த, 'உன் தப்பு இல்லடி, தள்ளிப் போட்டது நான்'னு சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் பயத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுதான் நான் செய்தது. காசு எடுத்தது அதில் கால்வாசி கூட இல்லை.

மேடு ஏறினோம். அவள் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. தென்றலைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் நான் மூச்சு வாங்கி நின்றபோது, நான் வரும் வரைக்கும் நின்றாள், அவ்வளவுதான்.

உண்டியல் முன்னால் நட்சத்திரத்தை நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. மடியில் இருந்த வைரத்தை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க கையால போடறதாத்தான் வேண்டிக்கிட்டேன். போடுங்க."

"இது வேற காசு, பொற்கொடி."

"இதத்தான் நான் மடியில கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். இதத்தான் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதேன். எது சாமிக்குப் போவணும்னு எனக்குத் தெரியும். அது உங்ககிட்டயே இருக்கட்டும். ஆசப்பட்டது, வச்சுக்குங்க."

போட்டேன். விழுந்த சத்தம் கேட்டது. அவள் கும்பிட்டுவிட்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 14, திங்கள்

"உங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு." "உங்கப்பாவுக்கு வெந்நீர் வச்சிருக்கேன்னு சொல்லு." தென்றல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறாள். என்னப்பா செஞ்சீங்க என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். எழுந்து போய்விட்டாள்.

காசை ஆல்பத்தில் செருகவில்லை. மேசை மேலேயே கிடக்கிறது. தூக்கிப் போடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. பாய் ஃபோன் செய்தார், அடுத்து இரண்டு ரூபாய்ப் பக்கம் ஆரம்பிக்கலாமா என்று. அவரிடம் அது கோயில் காசுதான் என்று சொன்னேன். "வீட்ல எப்படி இருக்காங்க சார்?" என்று மட்டும் அவர் கேட்டார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

அனுமதித்தார்கள். தோடு, வளையல், தாலி எல்லாவற்றையும் கழற்றித் தென்றலிடம் கொடுத்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். வழக்கம்போல மாத்திரை போட்டேனா என்று கேட்பாள் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. ஏப்ரலில் இந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முடிந்து வைக்க ஒரு காசு இருந்தது, சொல்ல ஒரு பெயர் இருந்தது. எனக்கு எதுவும் இல்லை. பயந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். தென்றல் இட்லி வாங்கி வந்தாள், இறங்கவில்லை. மாத்திரையும் பையிலேயே கிடந்தது.

மதியத்துக்கு மேல் டாக்டர் வந்தார். கட்டியை முழுவதும் எடுத்தாகிவிட்டதாம். அக்குளில் பரவவில்லை என்றுதான் தெரிகிறதாம். மற்றதைச் சோதனை சொல்லுமாம். தென்றல் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் அந்தப் பெஞ்சிலேயே மறுபடி உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஒவ்வொருவராகப் பார்க்க விட்டார்கள். முதலில் தென்றல் போனாள், அப்புறம் நான். பொற்கொடி கண்ணை மூடியிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. நர்ஸ் சொன்னபடி பஞ்சை நனைத்து ஒற்றினேன். கண்ணைத் திறந்தாள். யார் என்று தெரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"மாத்திர போட்டீங்களா?"

கோயிலுக்குப் போய்வந்த பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. போட்டுட்டேன், நீ கவலப்படாதே என்று சொல்லத்தான் வாய் போனது. எப்போதும் அப்படித்தான் சொல்வேன். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"இல்ல" என்றேன். "போடல. சாப்பிடவும் இல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சாப்பிட்டு, மாத்திரயப் போட்டுட்டு வாங்க" என்றாள். "வந்ததும், அங்க தள்ளி நிக்காம இந்த நாற்காலியில ஒக்காருங்க."